எம். செபநாயகத்தின் வயோலா

இது நடந்த கதை. சந்தேகமென்றால் குருநகர் டிலக்ஷியையே கேட்டுப் பாருங்கள். பேய் என்று யாராவது வாய் திறந்தால் விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். இப்போது தேவாலயப் பங்கு மண்டபத்துக்குள் தனியே கால் வைக்கமாட்டாள், பட்டப்பகலென்றாலும்.

டிலக்ஷி வயலின் ஆசிரியை. பெண்கள் எழுதிய ஓர்க்கெஸ்ட்ரா இசைக்கென்றே யாழ்ப்பாணத்தில் ஒரு கச்சேரி வைத்தே தீருவதென்று ஒற்றைக்காலில் நின்றாள். ஜேர்மன்காரி, பிரெஞ்சுக்காரி எல்லோருடைய இசையும் கிடைத்தது. உள்ளூரில் எழுதிய ஒருத்திகூட அகப்படவில்லை. அந்தக் குறை அவளை அரித்தது.

மண்டப அலுமாரியில் அருமையான இசை உருப்படி ஒன்று கிடக்கத்தான் செய்தது. ஆனால் மேலே 'எம். செபநாயகம்' என்றிருந்தது. எம். என்பது தகப்பன் பெயராக்கும், எழுதியது செபநாயகம் என்ற ஆண் என்று எடுத்துக்கொண்டாள். நிகழ்ச்சியிலிருந்து வெட்டிவிட்டாள். பிள்ளைகளின் கை பழகட்டுமென்று ஒத்திகையில் மட்டும் வாசிக்க வைத்தாள்.

அதன் நடுவில் நாலு தாளக் கட்டம் எல்லா வாத்தியமும் நிற்க வேண்டும். ஏன் அப்படி எழுதியிருக்கிறதென்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் நாலு மணி, மண்டபத்தில் ஒத்திகை. அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள்.

ஒரு வாத்தியம் நிற்கவில்லை...

வயலினைவிடத் தடித்த குரல். வயோலா. டிலக்ஷியின் குழுவில் வயோலா கிடையாது.

பின்வரிசைக் கதிரையில் சாம்பல் நிறச் சேலையில் ஒரு பெண், மடியில் வயோலா. பிள்ளைகள் கலைந்ததும் கிட்ட வந்தாள்.

"பேரை விட்டிட்டியள், பிள்ளை."

"நீங்கள் ஆர்?"

"மிஸிஸ் செபநாயகம்."

புருஷனுக்காகப் பரிந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று டிலக்ஷிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது பொம்பிளையளின்ரை கச்சேரி, அம்மா. உங்கடை அவரின்ரை பேரைப் போடேலாது."

அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். இமை அசையவில்லை...

"போட்டு வாறன்" என்றாள், போய்விட்டு வருகிறேன் என்று விடைபெறுகிற எவரையும்போல.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

செலோ வாசிக்கும் சுபாஸ் வாசலில் நின்றான். "வயோலா வாசிச்சவ எந்தப் பக்கம் போனவ?" என்று டிலக்ஷி கேட்டாள்.

"வயோலாவோ? அந்த இடத்திலை ஒரு சத்தமும் இல்லையே, ரீச்சர்."

அவள் அங்கே நிற்கவில்லை. நேரே பாடகர் குழுத் தலைவர் கனிசியஸிடம் போனாள்.

"செபநாயகம் கணக்கு மாஸ்டர். அவருக்கு இசையிலை ஒண்டும் தெரியாது" என்றார் அவர். "அதை எழுதினது அவரின்ரை மனிசி, மார்கிரேற். எம். எண்டது அவதான். நான் அப்ப இரண்டாவது வயலின். அந்த நாலு கட்டத்தையும் தான் வயோலாவிலை வாசிப்பன் எண்டவ. கச்சேரிக்கு முதல் நாள் செத்துப்போனா."

டிலக்ஷி நடந்ததைச் சொன்னாள். "போட்டு வாறன் எண்டு சொன்னவ..."

கனிசியஸ் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப வருவா."

கச்சேரியின் கடைசி உருப்படியாக அதைச் சேர்த்தாள். 'மார்கிரேற் செபநாயகம், குருநகர்' என்று முழுப்பெயரும் அச்சிட்டாள்.

அந்த இடம் வந்தது. மேடையில் எல்லோரும் நிறுத்தினார்கள். நாலு கட்டம்... ஒரு சத்தமுமில்லை.

பின்வரிசைக் கதிரை வெறுமையாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல் போய்விட்டதே என்று அழுதாள்.

அடுத்த நாள் சுபாஸ் தன் ஃபோனில் பிடித்திருந்த பதிவைப் போட்டுக் கேட்டார்கள்.

நாலு கட்டத்திலும் வயோலா.

கைதட்டல் அடங்கியபின், மைக்குக்கு மிகக் கிட்ட, ஒரு பெண்ணின் களைத்த குரல்.

"போறன்."

யாழ்ப்பாணத்தில் உயிரோடிருக்கிற எவரும் அப்படிச் சொல்லிவிட்டுப் புறப்படுவதில்லை.