மதகு திறந்த நாளில் டெராமனின் காது

டெராமனுக்குப் பள்ளிக்கூட வாசல் தெரியாது. அப்பன் படகு வைத்துவிட்டுப் போகவில்லை, மாமன் வித்தை சொல்லித்தரவில்லை. கூலிக்குத் துடுப்புப் போட்டவர், தன் காதை மட்டும் நம்பிச் சொந்தப் படகு வாங்கினார். திரெங்கானுக் கரையில் இப்படி இன்னொருவர் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்ப்போம்.

மீன் கேட்பதுதான் அவர் தொழில். ஆற்றுமுகத்தில் படகின் ஓரத்தைப் பிடித்து இறங்கித் தலையை முக்குவார். கத்தாளை மீன் கூட்டம் வயிற்றிலிருந்து கொர் கொர்ரென்று கத்தும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், பொடியா பெரிசா, அத்தனையும் காதுக்குத் தெரியும். அவர் கை உயர்ந்தால்தான் வலை இறங்கும்.

"காதை நனைச்சாப் போதும் எனக்கு. அடிவரைக்கும் முங்கிப் பாக்குறவன் கத்துக்குட்டி" என்று காப்பிக் கடையில் எல்லார் முன்னாலும் சொல்லி வைத்திருந்தார்.

மேலே வயல்களுக்காக மதகு போட்டு ஆற்றை அடைத்தார்கள். வரத்து குறைந்ததும் கடல் உள்ளே ஏறியது. ஆற்றுமுகம் தெளிந்து உப்புக் கரித்தது. கலங்கலைத் தேடி வரும் கத்தாளை வேறு பக்கம் போய்விட்டது. அதற்குப் பதில் சொடக்குப் போடும் சின்ன இறால்கள் பெருகின. தலையை முக்கினால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஓயாத சத்தம். அந்தச் சத்தத்துக்குள் கத்தாளை கத்துவதாக நினைத்து டெராமன் இரண்டு முறை கையை உயர்த்தினார். இரண்டு முறையும் வலை நிறையக் கொழகொழவென்று சொறிமீன்.

வலை இழுக்கும் பக்கார், அங்கே பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி 'போக்' போட்டு, முகத்துக்கு நேரே சொன்னான். "போக், கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை சொறி அள்ளுனா நாங்க மூணு பேரும் ஜூசோ படகுக்குப் போயிருவோம்."

"நேத்து மீன் கேக்க வந்த அந்தப் பொடியன் படகுக்கா? போங்கடா! அவன் காது கம்மல் தொங்கவிடத்தான் லாயக்கு."

சொல்லிவிட்டாரே தவிர, ஆள் போனால் படகு மணலில் கிடக்க வேண்டியதுதான்.

அடைமழை பிடித்து மதகைத் திறந்தார்கள். செந்தண்ணீர் திமிறிக்கொண்டு வந்தது. எல்லாப் படகும் ஆற்றுமுகத்துக்கு ஓடின. ஜூசோ முதலில் தலையை முக்கி, எழுந்து துப்பினான்.

"ஒண்ணுமில்ல. சுடுகாடு தோத்துச்சு!" படகைத் திருப்பும்போது கூவினான். "போக்! மீன்தான் பேசல, நீங்களாவது பேசுங்க, கேட்டுட்டுப் போறேன்!"

டெராமன் இறங்கினார். காதை நனைத்தார். கத்தாளையும் இல்லை, இறால் பொரிகிற சத்தமும் இல்லை. பக்கார் ஜூசோவின் படகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கழுத்தில் சில்லென்ற தண்ணீர், கால்விரலில் வெதுவெதுப்பு. தலை ஆற்றில் இருக்கிறது, கால் கடலில் இருக்கிறது. நல்ல தண்ணீர் மேலே போர்வையாக ஓட, உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கிறது. மீன் இருந்தால் போர்வைக்குக் கீழே இருக்கும், அதன் சத்தமும் போர்வையைத் தாண்டி மேலே வராது.

அடிக்குப் போனால் கத்துக்குட்டி என்று சொன்னவரும் அவர்தான். மூச்சை இழுத்தார், நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். குளிர் விட்டது. வெதுவெதுப்புக்குள் தலை நுழைந்ததும் நாலு பக்கமும் கொர் கொர்ரென்று இரைச்சல், சந்தைக்குள் வந்தது போல.

கையை உயர்த்திக்கொண்டே மேலே வந்தார். காது விண்ணென்று வலித்தது. வலையை இழுக்க நாலு பேர் பலம் போதவில்லை.

"என்ன போக், கத்துக்குட்டி ஆயிட்டீங்க?" என்றான் பக்கார், பல்லெல்லாம் தெரிய.

"வாயை மூடிட்டு இழுடா. ஜூசோ படகுக்குப் போகணும்னியே, போறியா?"

"எதுக்கு? அங்க காதை மட்டும் நனைக்கிற ஆளுல்ல இருக்கான்!"

நாலு நாளில் மதகை மறுபடி அடைத்தார்கள். ஆட்கள் ஜூசோ படகுக்குப் போகவில்லை. இப்போதெல்லாம் டெராமன் விடிந்ததும் சைக்கிளில் மதகுக்குப் போய் எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பார். ஒன்றும் திறக்கவில்லையென்றால் அன்றைக்குத் தலையை நனைக்கவே மாட்டார். நண்டுக் கூடை போடச் சொல்லிவிடுவார்.