மாஸ்டர் சுரண்டாத டிரம்

சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில் பார்பிக்யூ கடை வைத்திருக்கும் முகம்மது அர்ஷத்தை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தம்மாமில் ஒன்பது வருஷம் பெரிய ஓட்டலில் கோழி சுட்டவர் என்று பேர். அந்தப் பேரைப் பரப்பியவரும் அவரேதான். உண்மையில் அங்கே அவர் ஒரு கோழியைக்கூடச் சுட்டதில்லை. மற்றவர்கள் சுட்டு முடித்த அடுப்பைச் சுரண்டிக் கழுவுவதுதான் வேலை. மனைவி மிஸ்ரியாவிடமும் இதைச் சொன்னதில்லை. சவுதிக்குப் போனவன் அங்கே என்ன செய்தான் என்று இந்த ஊரில் யாரும் துருவிக் கேட்பதில்லை. அந்த மரியாதையில் அவர் வண்டி ஓடியது.

கடையில் இருப்பது எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி வெல்டிங் வைத்த புகை டிரம். அதைச் சுத்தம் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கடைக்குள் இடம் போதாது, தெருவில் இழுத்துப் போட்டால்தான் சுரண்ட முடியும். எதிரே குருசாமியின் டீக்கடை. அங்கே உட்காருகிறவர்களில் பாதிப் பேர் சவுதி, துபாய் பார்த்தவர்கள். சுரண்டியைப் பிடிக்கிற பிடியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மாஸ்டருக்குப் பயம். அதனால் வெளிப்பக்கத்தை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்தார். உள்ளே மூடியில் கரி செதில் செதிலாகத் தொங்கியது. கொழுப்புத் தட்டு நிரம்பிச் சிக்கு வாடை அடித்தது. மூக்கே எச்சரித்தும் கேட்காத மனுஷனை என்னவென்று சொல்வது!

போன வெள்ளிக்கிழமை தங்கை ஃபஹீமாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் முறைக்கு இருபது கோழி சுட்டுக் கொண்டுபோனார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒரு வாய் வைத்தார், தண்ணீர் குடித்தார், தட்டை மெல்ல ஒதுக்கினார். அடுத்தடுத்த தட்டுகளும் ஒதுங்கின.

"என்னண்ணே இப்பிடிக் கசக்குது? ஒருத்தரும் திங்கல," என்றாள் ஃபஹீமா, கண் கலங்க.

அது ஊறிப்போன பழைய கரியின் கசப்பு. முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "மசாலா கொஞ்சம் கூடிப்போச்சும்மா," என்றார். மருமகள் முகத்தைப் பார்க்காமலே வீடு திரும்பினார்.

மறுநாள் காலை டிரம்மைத் தெருவுக்கு இழுத்தார். கொழுப்புத் தட்டைக் கொட்டிவிட்டு, கம்பிகளைக் கழற்றிச் சுரண்ட உட்கார்ந்தார். கை தானாக ஓடியது.

குருசாமி எதிரே இருந்து குரல் கொடுத்தார். "என்ன மாஸ்டர், நீங்களே சொரண்டுதீய? கிளீன் பண்ண ஆள் வரலியா?"

உண்மையைச் சொல்ல வாய் எடுத்தவர், "ஆள் இன்னைக்கு லீவு அண்ணாச்சி," என்றார்.

அந்தக் கடையில் வேலைக்கு ஆளே கிடையாது. சோப்புத் தண்ணீர் வாளியோடு வந்த மிஸ்ரியாவின் காதில் அது விழுந்தது.

"ஆமா அண்ணாச்சி, காய்ச்சலாம். நாளைக்கு வந்துருவான்," என்றாள் சத்தமாக.

பிறகு வாளியை இறக்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "டீக்கடைக்கு முதுகக் காட்டி உக்காருங்க. ஒம்பது வருஷம் சொரண்டுன கைன்னு பாத்தாலே தெரியுது."

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று யோசித்தபடியே சுரண்டியை எடுத்துக்கொண்டார். தலை நிமிராமல், அவள் சொன்ன பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.