கிரீம் கலர் அம்பாசிடர்

ஈஸ்வரமூர்த்திக்குப் பிடிவாதம் கூடப் பிறந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டராக இருந்தவர். ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் பீஸைத் தூக்கி ரிஜெக்‌ஷனில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷனோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்திய சாரதாமணிக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

அந்தச் சாரதாமணிக்குத்தான் ஈரலில் புற்றுநோய். முற்றிவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தாராபுரத்திலிருக்கும் அவள் அம்மா பெரியாத்தாளிடம் யாரும் சொல்லவில்லை. நெஞ்சு பலவீனமான கிழவி, தாங்க மாட்டாள் என்று மறைத்துவிட்டார்கள். சாவதற்குள் அம்மாவை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றாள் சாரதாமணி. அதுவும் ஆம்புலன்சில் படுத்துக்கொண்டு அல்ல. கல்யாணமான புதிதில் போனதுபோல, அம்பாசிடரின் முன்சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும்.

வண்டி திருப்பூர் ராயபுரம் வீட்டு வாசலில்தான் நின்றது. இஞ்சினுக்குக் குறையில்லை, மேலெல்லாம் துரு. இந்தக் கோலத்தில் போய் இறங்கினால் மகள் நொடித்துப்போய்விட்டாள் என்று அத்தை கலங்குவாளே என்று ஈஸ்வரமூர்த்திக்குக் கவலை. பட்டறையில் விட்டால் இழுத்தடிப்பார்கள். தானே இறங்கிவிட்டார். துருவைத் தேய்த்தார், பட்டி பார்த்தார், பிரைமர் அடித்தார். சாரதாமணி ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

பெயிண்டுக்கு முன்னால் ஒருதரம் துடைக்க வேண்டும். திருப்பூர்க்காரர் வேறெதை எடுப்பார்? கம்பெனியிலிருந்து கொண்டுவந்த மூட்டையிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை உருவித் துடைத்தார். பெயிண்ட் அடித்த சற்று நேரத்தில் வண்டி முழுக்க அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக விழுந்தது.

தெரிந்த பெயிண்டர் நல்லான் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்கண்ணா, துணி மெத்துனு இருக்கோணும்னு பனியனுக்கு சிலிக்கான் போடுவாங்கல்லங்க? அந்தப் பிசுக்கு ஒட்டிருச்சு. பூராத் தேச்செடுத்துட்டு மறுக்கா அடிக்கோணுங்க."

"குழி கெடந்தாக் கெடக்குதுங்க, நாளைக்கே போயிரலாம்," என்றாள் சாரதாமணி. "ஆத்தா வண்டியவா பாக்கப் போறா?"

"இப்படியே உன்னையக் கூட்டிட்டுப் போவேனா? கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு," என்று உப்புத்தாளை எடுத்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி எறிய ஒருத்தருமில்லையே என்று நினைத்தால் இன்றும் வயிறெரிகிறது.

இரண்டாம் முறை குறை சொல்ல ஒன்றுமில்லாமல் வந்தது. அது காய்வதற்குள் சாரதாமணி ரத்தமாக வாந்தியெடுத்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. போனவள் திரும்பவில்லை.

பெரியாத்தாளுக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவளுக்குத் தெரியாமலே காரியம் முடிந்தது. "அம்மாயிகிட்ட நீங்களே நேர்ல போய்ச் சொல்லிருங்கப்பா," என்று மகள் ஜனனி அழுதாள். ஈஸ்வரமூர்த்தி தனியாக வண்டியை எடுத்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழிநெடுக யோசித்தும் ஒன்றும் அமையவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டதும் பெரியாத்தாள் வாசலுக்கு வந்துவிட்டாள். "வாங்க மாப்பிள்ளை," என்று வாயெல்லாம் சிரிப்பாக நேரே முன்கதவுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். சீட் காலியாக இருந்தது. ஈஸ்வரமூர்த்தி இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு அவளருகே வந்தார்.

"பின்னால படுத்துட்டாளாக்கு?" என்று பின்கதவைத் திறந்தாள் கிழவி. "சாரதா, எந்திரி கண்ணு. ஊடு வந்துருச்சு."