அரிசி டிரம்முக்குள் அடங்கிய இரைச்சல்

பிள்ளைகளா, உங்கள் அக்காவுக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைத்த கதையை ஊரில் பல விதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான்.

உடும்பஞ்சோலைப் பக்கம் நம் ஏலத்தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் முன்பெல்லாம் போனில் ஒரு கோடுதான் சிக்னல். ஒரு கோடானாலும் பேச்சு தெளிவாகக் கேட்கும். நமக்கு அது பொறுக்குமா? மேல் வீட்டு மாமா தேனிப் பக்கம் போய் சிக்னலைக் கூட்டும் அனுமதியில்லாத பெட்டி ஒன்று வாங்கிவந்து கூரையில் கம்பு நட்டார். அவர் நட்டால் கீழ் வீட்டு அண்ணாச்சி சும்மா இருப்பாரா? அதைவிடப் பெரிய பெட்டி. கொஞ்ச நாளில் லயம் முழுக்கக் கம்புகள். நம் வீட்டிலும்தான்.

அதன் பிறகு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எடை போடும் இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் பெயரைக் கத்தினால் ரைட்டர் யார் எடையை எழுதுவார்? குன்றின் மேல் நின்ற டவரின் பாடும் அதுதான். அக்கா நர்சிங் முடித்துவிட்டு, வெளியூர் ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் கேட்ட முதல் கேள்விக்கே பாதி முகத்தோடு உறைந்து நின்றாள். இன்னொரு தடவை கூப்பிடுகிறோம், அதுதான் கடைசி என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு இன்ஜினியரிங் காலேஜிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். டவருக்குக் கீழே வைக்க ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். கூட வந்த பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். டவர் கேட்கும் அலையை ஒளியாக மாற்றி, முடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஓட விடுவார்களாம். வேண்டாத இரைச்சலின் நகல் ஒன்றைத் தலைகீழாக்கி அதோடு சேர்த்தால், இரண்டு இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். மிச்சம் நிற்பது நம் பேச்சு. ஒளியில் செய்வதால் பல அலைவரிசைகளை ஒரே வீச்சில் கழித்துவிடலாமாம். ஒன்றே ஒன்று, எந்த இரைச்சலைக் கழிக்க வேண்டும் என்று பெட்டி முதலில் கேட்டுப் பழக வேண்டும்.

கேட்க விட்டோமா? ஜீப் வளைவு திரும்பும் முன்பே லயத்தில் செய்தி பரவிவிட்டது: "பெட்டி பிடிக்க வாராங்கடோய்! ஃபைன் போடுவாங்களாம்!" பெட்டிகள் அரிசி டிரம்முக்குள்ளும் கோழிக்கூட்டுக்குள்ளும் போயின. மேல் வீட்டு மாமா தன்னுடையதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்து மாலையும் போட்டுவிட்டார். கூரைக் கம்பைக் காட்டிக் கேட்டதற்கு, "துணி காயப்போடுறதுங்க சார்" என்றார் அண்ணாச்சி. பொய் இல்லை. அதில் அவருடைய ஈர லுங்கி தொங்கியது.

அந்தப் பெண் மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மலையாளத்தில் சொன்னாள்: "இவிடெ ஒரு சத்தமும் இல்லல்லோ சேட்டா! நல்ல க்ளியராணு."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரைச்சல் அதிகமுள்ள வேறு ஊருக்கு அந்தப் பெட்டி போய்விட்டது. சாயங்காலமே கம்புகளில் பெட்டிகள் ஏறின. உங்கள் அம்மா என்னிடம் சொன்னாள்: "மத்த நேரம் லயமே அதிரக் கத்துவீக. வாயத் தொறக்க வேண்டிய நேரத்துல கொழுக்கட்டையா?"

அக்காவின் கடைசி வாய்ப்பு வந்த அன்று மழையில் ரோட்டில் மண் சரிந்து, நல்ல சிக்னல் உள்ள கீழ் ஊருக்குப் போக வழி இல்லை. நான் வீடு வீடாகப் போய் ஒளியையும் கழித்தலையும் விளக்கினேன். ஒரு மணி நேரம் மட்டும் பெட்டியை நிறுத்தச் சொன்னேன்.

"நான் நிறுத்த மாட்டேன்னா சொல்லுதேன்? மொதல்ல மேல வீட்டுக்காரர நிறுத்தச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

மேல் வீட்டு மாமாவோ, "அவன் பெட்டிதான் மாப்ள பெருசு. அவன் நிறுத்தட்டும், அடுத்த நிமிஷம் நான்" என்றார். ஒளி பற்றி நான் சொன்னதை நன்றாகத் தலையாட்டிக் கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பினேன். அக்கா வெள்ளைச் சட்டையோடு போனைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழைப்பு வரும் நேரம். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நம் பெட்டியின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தாள்: "மதினீ! ஜீப்பு ஏறி வருதாம்! அன்னிக்கு வந்த ஆளுகளேதானாம்!"

ரோடே இல்லை. ஜீப் எப்படி வரும்? அதைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. டிரம் மூடிகள் திறந்து மூடும் சத்தம் வரிசையாகக் கேட்டது. அதன் பிறகு அக்காவின் போனில் ஒரு கோடுதான். ஆனால் எதிர்ப்பக்கம் கேட்ட கேள்வியும், அவள் சொன்ன பதிலும் சொல் சொல்லாக விழுந்தன.

நடுவில் அண்ணாச்சி சன்னல் வழியே தலையை நீட்டி, "போயிட்டாங்களா?" என்றார்.

"டவர்கிட்ட நிக்காங்க. இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றாள் அம்மா.

வேலை கிடைத்தது. இப்போது அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து கூப்பிடுகிறாள், பாதி முகத்தோடு. நம் பெட்டியும் கூரையில்தான் இருக்கிறது. மற்றவர்கள் இறக்கட்டும், நாமும் இறக்கிவிடலாம்.