அக்காவின் வெள்ளையணுக்கள்

பம்மலில் நான் வேலைக்குச் சேர்ந்த சின்ன லேபில், காலையில் ரத்த அணுக்களை எண்ணும் மெஷினைப் போட்டதும் முதலில் ஓடுவது அக்காவின் ரத்தம்தான். மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று சோதிக்கத் தனியாக ஒரு திரவம் விற்கிறார்கள். எங்கள் முதலாளி அதை லேசில் வாங்கித் தரமாட்டார். அங்கே மூத்த டெக்னீஷியனை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அதற்குப் பதிலாக அவர் கையை நீட்டிவிடுவார். "என் ரத்தம் மாறவே மாறாது, தைரியமா ஓட்டு" என்பார். உண்மையிலேயே மாறியதில்லை.

ஒரு மழைக்காலக் காலையில் மெஷின் வெள்ளையணுக்களைக் குறைத்துக் காட்டியது. அதிலும் லிம்போசைட் என்கிற வகை பாதிகூட இல்லை. நாங்கள் இருவரும் மெஷினைத்தான் திட்டினோம். கழுவினோம், மறுபடி ஓட்டினோம், சர்வீஸ்காரருக்கு போன் போட்டோம். அக்கா முந்தின நாளிலிருந்தே இருமிக்கொண்டிருந்தார். அதைப் போய் யார் நினைத்தார்கள்? அடுத்து ஓட்டிய மற்றவர்களின் ரத்தமெல்லாம் ஒழுங்காக வந்தபோதுதான் அக்கா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஏய், எனக்குத்தான் என்னமோ ஆயிருக்கு" என்று சிரித்தார்.

இன்ஃப்ளூயன்சா. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த அணுக்களெல்லாம் செத்துவிட்டன என்று நான் பயந்தேன். அப்படியில்லை என்றார் டாக்டர். வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்ல அவற்றில் பல ரத்தத்தை விட்டு நுரையீரலுக்குப் போயிருக்கும் என்றார். அப்பாடா என்றிருந்தது. சில நாள் கழித்து அதே டாக்டர், "வைரஸ் குறைஞ்சிருச்சும்மா. ஆனா இவங்க செல்லுங்க சண்டைய நிறுத்த மாட்டேங்குது. நுரையீரலே புண்ணாகி நீர் கோத்துக்கிச்சு" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காப்பாற்றப் போனவையே இப்படிச் செய்தால் யார்மேல் கோபப்படுவது? அக்கா வீடு திரும்பவில்லை.

இப்போது லேபுக்கு அந்தத் திரவம் தவறாமல் வருகிறது. நானும் வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறேன். அணுக்களுக்கு வைரஸை முன்கூட்டியே அடையாளம் காட்டிவைத்தால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடுமாம். நம்புகிறேன், ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறதோ என்று குழப்பமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பில் அக்காவின் கணவரைப் பார்த்தேன். "நேரத்துக்கு சாப்பிட மாட்டா. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லாம பூட்டா" என்றார். இத்தனை வருடமாக இதையேதான் சொல்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அப்படி இல்லண்ணா. அக்காவுக்கு எதிர்ப்பு சக்தி நிறையவே இருந்துச்சு."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்புறம் எப்படிம்மா செத்தா?"