தயிருக்குள் குளோரின்

லெஸ்லி சித்தப்பா எந்தத் தண்ணீரிலும் முதலில் குளோரின் போடுவார். வெள்ளம் வந்த வருடம் சுகாதாரப் பரிசோதகர் சொன்னதை அவர் இன்றுவரை விடவில்லை. இறைச்சிக்கென்று அவர் வளர்த்த கோழிகள் முந்தின இரண்டு தடவையும் வயிற்றால் கழிந்து மெலிந்தன. இந்தமுறையும் எடை வைக்காவிட்டால் கூட்டை மூடவேண்டியதுதான்.

கோழிகளின் குடலுக்கு நல்லதென்று அவருடைய அண்ணன் மகள் சுதர்ஷிகா ஒரு தூள் வாங்கிவந்தாள். பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவள், வீட்டுக்கு இதையாவது செய்வோமென்று நினைத்தாள். அவரோ அதையும் குளோரின் தண்ணீரிலேயே கரைத்தார்.

“அது உயிருள்ள நுண்ணங்கி, சித்தப்பா. குளோரினுக்குச் செத்துப்போம்.”

“நுண்ணங்கியெண்டா?”

“கிருமி.”

“கிருமியையோ என்ர கோழிக்குக் குடுக்கச் சொல்லுறாய்? இதுக்கோ கம்பஸுக்குப் போனனீ?”

நான்கு வருடம் படித்தும் ஒரு வாளித் தண்ணீரை விளக்கத் தெரியவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“தம்பலகாமத்துத் தயிரிலயும் கிருமிதான். அதுக்குள்ள குளோரின் ஊத்தித் தின்னுவீங்களோ?”

அவர் முறைத்துவிட்டுப் போனார். மறுநாள் வாளியில் குளோரின் மணம் இல்லை. இரண்டு கிழமையில் கோழிகளின் எச்சம் இறுகி, எடையும் ஏறியது.

இப்போது அயலவர்களுக்கெல்லாம், “இதை நான்தான் கண்டுபிடிச்சனான்” என்று அவரே விளக்கம் கொடுக்கிறார். “நீ சொன்னது சரி, பிள்ளை” என்று சுதர்ஷிகாவிடம் சொல்லவேண்டியது மட்டும் இன்னும் பாக்கி.