பயந்த சுபாவம்

என் தங்கைக்குக் கல்யாணம் பேசியபோது அம்மா அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நகை மாதிரி எடுத்துக் காட்டினாள். "எம் பொண்ணு பயந்த சுபாவங்க. அதிர்ந்து ஒரு வார்த்த பேசமாட்டா." கடலூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு முகமெல்லாம் பல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை பயந்தது பல்லிக்கு மட்டும்தான். சிதம்பரத்தில் எங்கள் தெரு வெறிநாயைத் துடைப்பத்தோடு விரட்டியவள் அவள்.

என்னைப் பற்றி அம்மா சொல்வது வேறு. "பெரியவளுக்கு பயம்ங்கறதே கெடயாது." ஏதோ வியாதியைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்துவாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு வேலை. தினமும் பஸ். உரசுகிறவனை நாலு பேர் கேட்கத் திட்டுவேன். அதனாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. போகட்டும், சனியன் விட்டது.

குழந்தை தூக்கத்தில் வீறிட்டால் "பயந்துக்குச்சு" என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதே குழந்தை பெண்ணாக வளர்ந்துவிட்டால், பயம் இருக்கணும் என்கிறோம். சாமியிடம் பயம், வாத்தியாரிடம் பயம், புருஷனிடம் பயம். இது என்ன அநியாயம்? எப்போது வியாதி, எப்போது லட்சணம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

கல்யாணமான மறுவருடம் தங்கை பெட்டியோடு வந்து நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. குழம்பில் உப்பு கூடிப்போனதாம்.

"ஒரு அடிக்கா பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்ட? அவருகிட்ட கொஞ்சம் பயந்து நடந்துக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"இன்னும் எவ்ளோதாம்மா பயப்படணும்? அளவு சொல்லு, கேட்டுக்கறோம்" என்று கத்தினேன்.

"நீ வாய மூடு. ஒன்னப் பாத்துதான் இவளும் கெட்டா."

அன்றிலிருந்து தெருவில் எந்த பைக் வந்து நின்றாலும் தங்கை சட்டென்று எழுந்துவிடுவாள். முந்தானையைச் சரிசெய்வாள், டிவியை அணைப்பாள், ஓடிப்போய் அடுப்பைப் பார்ப்பாள். "பால்காரர்டி அது" என்பேன். உட்காருவாள், அடுத்த பைக் வரும்வரை. ஒருநாள் அவள் தலைக்கு மேலேயே சுவரில் பல்லி ஓடியது. அவள் கவனிக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி அழைத்துப்போக மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமாவும் வந்தார்கள். அம்மா காலையிலேயே தங்கையின் பெட்டியைக் கட்டி வாசல் கதவோரம் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, என்னமோ பால் மணம் மாறாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கை நீட்டுனது தப்புதான்" என்றார் மாமா. "ஆனா பொம்பளைக்குப் புருஷன்கிட்ட பயம்னு ஒன்னு வேணும் இல்ல? பயம் வுட்டுப்போனா குடும்பம் நடக்குமா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

மாமா தங்கையைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. ஒனக்கு அவன்கிட்ட பயம் இருக்கா, இல்லயா?"

தங்கை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்குது மாமா. ஜாஸ்தியாவே இருக்குது. அதனாலதான் வரமாட்டேங்கறேன்."

மாமா கேட்ட பயம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களா மாமா இவ திமிர" என்று மாப்பிள்ளை விருட்டென்று எழுந்தார். எழுந்ததுதான் தாமதம், தங்கையின் முழங்கை தானாக முகத்துக்குக் குறுக்கே போனது. எங்கள் எல்லோர் முன்னாலும்.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி அதட்டினாள்.

"என்னாடி பாத்துக்கிட்டு நிக்கற? அந்தப் பொட்டிய உள்ள எடுத்து வை."